கூரையில் கோலம் போட்ட லெக்னர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புடாபெஸ்ட் போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து, அந்தப் பச்சை மஞ்சள் கூரை யாருடையது, அந்த நீலத் தேவாலயம் எங்கே இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை வலித்துவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் கொட்டுகிறேன்.

யார் இந்த ஆள்?

லெக்னர் ஓடன். ஹங்கேரியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1845 ஆகஸ்ட் 27-இல் பெஸ்ட் நகரில் பிறந்தார், 1914 ஜூன் 10-இல் அதே ஊரில் இறந்தார். அவர் பிறந்தபோது புடாபெஸ்ட் என்று ஒரு நகரமே கிடையாது. டான்யூப் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பெஸ்ட், அந்தப் பக்கம் புடாவும் ஓபுடாவும். மூன்றும் சேர்ந்து ஒரே நகரமானது 1873-இல்தான். அந்தச் சமயத்தில் அவர் ஏற்கெனவே தொழிலில் இறங்கி, வாடகைக் குடியிருப்புகளாக வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

குடும்பத்துக்குச் செங்கல் தொழில். கோபானியா என்ற இடத்தில் அவர் அப்பாவுக்குச் செங்கல் சூளை இருந்தது. இந்தச் செங்கல் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வரும்.

பெயரை எப்படிச் சொல்வது? எது குடும்பப் பெயர்?

ஹங்கேரியர்களும் நம்மைப் போலத்தான், சொந்தப் பெயர் பின்னால்தான் வரும். லெக்னர் குடும்பப் பெயர், ஓடன் அவருக்கு வைத்த பெயர். வெளிநாட்டுப் புத்தகங்கள் திருப்பிப் போட்டு 'ஓடன் லெக்னர்' என்று எழுதும். 'ஓடன்' என்பதும் சரியான உச்சரிப்பு இல்லை. நாக்கை 'எ' சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஒ' சொல்வதுபோலக் குவித்தால் அந்த ஒலி வரும். தமிழில் அதற்கு எழுத்து இல்லை, அதனால் விட்டுவிடுவோம்.

நகராட்சியில் வேலை பார்த்தவரா?

இல்லை. சொந்த அலுவலகம் வைத்திருந்தவர். பெர்லினில் கூடப் படித்த பார்டோஷ் டியூலாவுடன் 1869-இல் கூட்டுச் சேர்ந்தார், 1896 வரை அந்தக் கூட்டு நீடித்தது. ஆனால் செகெட், கெச்கெமேத் என்ற இரண்டு ஊர்களின் நகராட்சிக் கட்டடங்கள் இவர்கள் கட்டியவை. புடாபெஸ்டின் முகத்தில் இவர் கைரேகை எங்கே பார்த்தாலும் தெரியும். அந்த அர்த்தத்தில் நகரத்தின் ஆள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

செகெட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1879 மார்ச்சில் திசா ஆறு கரையை உடைத்து ஊரையே கொண்டுபோய்விட்டது. சுமார் 5,700 வீடுகளில் 265 மட்டுமே மிஞ்சின. அன்று ஹங்கேரியையும் ஆண்ட ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசேப் வந்து பார்த்துவிட்டு, முன்பு இருந்ததைவிட அழகாகச் செகெட் எழும் என்று சொன்னதாக அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த மறுகட்டுமானத்தில் வந்த வேலைதான் நகராட்சிக் கட்டடம். 1883-இல் பேரரசர் திரும்ப வந்தபோது அவருக்காக அதையும் பக்கத்துக் கட்டடத்தையும் இணைத்து மாடி உயரத்தில் ஒரு மூடிய பாலம் போட்டார்கள், இன்னும் இருக்கிறது. வெனிஸ் பாலத்தின் பெயரையே வைத்து 'பெருமூச்சுப் பாலம்' என்கிறார்கள். மற்றபடி அந்தக் கட்டடத்தில் பிற்கால லெக்னர் அவ்வளவாகத் தெரியமாட்டார்.

அப்படியென்றால் அவருடைய பாணி எப்போது தொடங்கியது?

இதுதான் சுவாரசியமான கேள்வி. நாற்பது வயது தாண்டும்வரை அவர் எல்லோரையும் போலத்தான் கட்டினார். பெர்லினில் படித்தார், இத்தாலியைச் சுற்றிப் பார்த்தார், ஊருக்கு வந்து மறுமலர்ச்சிக்காலப் பாணியில் வீடுகள் கட்டினார். அந்தக் காலத்துப் பெஸ்டில் அதுதான் மரியாதையான பாணி. பிறகு 1875-இல் மனைவி இரண்டு சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். லெக்னர் பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கே மூன்று ஆண்டுகள் ஒரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரிடம் பழைய கோட்டை மாளிகைகளைப் புதுப்பிக்கும் வேலை. திரும்பி வந்து கட்டியவற்றில் அந்தப் பிரெஞ்சு வாசனை நன்றாகவே அடிக்கும். புடாபெஸ்டில் ஓபராவுக்கு நேரெதிரே நிற்கும் டிரெக்ஸ்லர் மாளிகையைப் பாருங்கள், அது லெக்னர், பார்டோஷ் இருவருடையதுதான்.

ஆனால் உள்ளே ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு கட்டட மொழி இருக்கிறது, ஜெர்மானியனுக்கு இருக்கிறது, இத்தாலியனுக்குக் கேட்கவே வேண்டாம். ஹங்கேரியனுக்கு எங்கே? 1906-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே அதற்குப் பதில்: 'ஹங்கேரிய வடிவ மொழி இருந்ததில்லை, இனிமேல் இருக்கும்.' பழம்பெருமை பேசுகிறவர் 'நமக்கு எல்லாமே இருந்தது' என்றுதான் தொடங்குவார். இந்த மனிதர் இருந்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டு, சரி, செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தார் பாருங்கள், எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். இத்தனைக்கும் குடும்பத்தின் பூர்வீகம் ஜெர்மன்.

இல்லாத மொழியை எதை வைத்துச் செய்வது?

இரண்டு சரக்கு எடுத்தார். ஒன்று, கிராமத்துத் தையல் பூக்கள், செதுக்கிய மரவேலை, மட்பாண்டத்தில் போடும் சித்திரம். ஹுஸ்கா யோஷெஃப் என்று ஓர் ஓவிய ஆசிரியர் திரான்சில்வேனியாவில் (இன்று ருமேனியாவில் இருக்கிறது) ஊர் ஊராகப் போய் இவற்றையெல்லாம் வரைந்து தொகுத்துக்கொண்டிருந்தார், அவருடைய தொகுப்புகள் கைகொடுத்தன. இரண்டாவது, கிழக்கு. ஹங்கேரியர்களின் முன்னோர் ஆசியப் புல்வெளிகளின் பக்கமிருந்து வந்தவர்கள், ஆகவே அவர்களின் அலங்காரத்துக்குப் பாரசீகத்தோடும் இந்தியாவோடும் உறவு உண்டு என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். லெக்னரும் நம்பினார்.

அந்த நம்பிக்கை சரியா?

இல்லை. ஹங்கேரிய மொழிக்கு உறவு பின்னிஷும் எஸ்தோனியமும். இந்தியாவோடு ரத்த சம்பந்தமெல்லாம் ஆசையில் கட்டிய கதை. ஆனால் தப்பான வரலாற்றிலிருந்து நல்ல கட்டடம் வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

இந்தியாவைப் பார்த்து எடுத்தார் என்கிறார்களே, இங்கே வந்தாரா?

வரவில்லை. லண்டன் போனார். 1889-இல் ஷொல்னாய் வில்மோஷ் என்ற மட்பாண்டத் தொழிலதிபரும் அவரும் சேர்ந்து போய், இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று சொல்கிறோமே, அன்றைய சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம், அங்கே கீழைநாட்டு ஓடுகளையும் பாத்திரங்களையும் துருவித் துருவிப் பார்த்தார்கள். இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது: ஆங்கிலேயர்கள் இந்தியாவில் கட்டும்போது உள்ளூர் வளைவையும் கும்மட்டத்தையும் சேர்த்துக்கொண்ட விதம். நம் சென்னை உயர் நீதிமன்றம் (1892) அந்த வகைதான், இந்தோ சாராசெனிக் என்பார்களே, அது.

அதைப் பார்த்து அவர் போட்ட கணக்கு இது: உயர்ந்த பண்பாடுள்ள ஆங்கிலேயனே தன் காலனிகளின் தாழ்ந்த பண்பாட்டைப் படித்துத் தன் கட்டடத்தில் சேர்க்க வெட்கப்படவில்லை, நாம் நம் சொந்த மக்களின் கலையைப் படிக்க ஏன் கூச்சப்பட வேண்டும்? வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. 'தாழ்ந்த' என்ற சொல் மட்டும் நமக்குச் சுருக்கென்று குத்தும். அவர் காலத்து ஐரோப்பியர் அவர், அவ்வளவுதான்.

அந்த இந்திய வாடை எந்தக் கட்டடத்தில் தெரியும்?

புடாபெஸ்டின் பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகத்தில். 1891-இல் வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். பெயரைச் சொல்லாமல் ஒரு முத்திரை வாக்கியம் எழுதி வரைபடங்களை அனுப்ப வேண்டும். லெக்னரும் பார்டோஷும் எழுதி அனுப்பியது 'கிழக்கே போ, ஹங்கேரியனே!' ஜெயித்தார்கள். ஹங்கேரியர்கள் அந்த மண்ணுக்கு வந்த ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடிய 1896-இல், அக்டோபரில், பிரான்ஸ் யோசேப் வந்து திறந்துவைத்தார்.

வெளியே பச்சையும் பொன்மஞ்சளுமாகப் பளபளக்கும் ஓட்டுக் கூரை, உச்சியில் பெரிய கும்மட்டம். வாசல் மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்க மஞ்சள் பீங்கான், அதில் பெரிய பெரிய நாட்டுப்புறப் பூக்கள். கல்யாணப் பட்டுப்புடவையை விரித்துத் தலைக்குமேல் கட்டியதுபோல இருக்கும். உள்ளே நுழைந்தால் கண்ணாடிக் கூரை போட்ட கூடம், சுற்றி இரண்டு அடுக்குத் தாழ்வாரம், தாழ்வாரத்தில் இதழ் இதழாக வெட்டிய வளைவுகள். முகலாய மாளிகை ஏதாவது பார்த்தவர்கள் 'அட' என்று நின்றுவிடுவார்கள். ஆனால் இன்று உள்ளே எல்லாம் வெள்ளை. முதலில் வண்ணம் தீட்டித்தான் இருந்தது, பின்னால் வந்தவர்களுக்கு அது பொறுக்காமல் வெள்ளையடித்துவிட்டார்கள். நம் ஊர்க் கோயில் தூண்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கெடுத்த கதைதான்.

அந்தக் காலத்தில் நக்கலும் நிறைய வந்தது. 'ஜிப்சி ராஜாவின் அரண்மனை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

ஓடு ஓடு என்று சொல்கிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

புடாபெஸ்டின் குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். சாதாரண சுடுமண் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். மழைநீர் உள்ளே போகும், ராத்திரி உறையும், உறையும்போது விரியும், ஓடு விரிசல்விடும். பேச் நகரில் இருந்த ஷொல்னாயின் தொழிற்சாலை இதற்கு ஒரு விடை கண்டது: மிக அதிகச் சூட்டில் சுட்டு, நீர் புகாதபடி இறுகவைத்த களிமண் கலவை. பைரோகிரானைட் என்று பெயர் வைத்தார்கள். உறைபனி அதை ஒன்றும் செய்யாது, புகையில் இருக்கும் அமிலமும் அரிக்காது. வண்ணம் போட்டு மெருகேற்றிச் சுட்டால் எந்த நிறமும் எந்த உருவமும் அதில் வரும்.

எல்லா வீட்டிலும் நிலக்கரி எரிந்த நகரம் அது. செதுக்கிய சுண்ணாம்புக் கல் சில வருஷத்தில் கருத்துப்போகும், மெருகேற்றிய ஓட்டை மழையே கழுவிவிடும். தவிர, கல்லில் ஒவ்வொரு பூவையும் தனியாகச் செதுக்க வேண்டும், களிமண்ணில் அச்சு ஒன்று செய்தால் போதும். செங்கல் சூளை வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, அந்தப் பச்சை மஞ்சள் கூரை?

அஞ்சல் சேமிப்பு வங்கி. ஹோல்ட் தெருவில் இருக்கிறது (ஹோல்ட் என்றால் நிலா). பௌம்கார்ட்டன் ஷாண்டோர் என்ற இளைய கலைஞரோடு சேர்ந்து வடிவமைத்து 1901 வாக்கில் முடித்தது. பல பேருக்கு லெக்னரின் உச்சம் இதுதான், எனக்கும் அப்படியே.

முதல் தடவை போனபோது கட்டடத்தின் முன்னால் நின்றுகொண்டு, படத்தில் பார்த்த கூரை எங்கே என்று தேடினேன். தெரியவில்லை. எதிர்ச்சாரிக்குப் போய்க் கழுத்தை வளைத்தும் தெரியவில்லை. குறுகலான தெரு, உயரமான சுவர், அதன் உச்சியில் அலை அலையாக ஒரு கைப்பிடிச் சுவர் வேறு. அலுத்துப்போய்ச் சுவரையே பார்க்க ஆரம்பித்தேன், அப்போதுதான் தேனீக்கள் கண்ணில் பட்டன. வெள்ளைச் சுவரில் செங்கல் பட்டைகள் மேலே போகின்றன, அதில் பீங்கான் தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன, பட்டையின் உச்சியில் தேன்கூடு. சிறுசேமிப்பு வங்கி அல்லவா, அதற்காக. எந்தப் பலகையும் இல்லாமல், படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற விளம்பரம்.

கூரையை அப்புறம் புனித ஸ்தேவான் பேராலயத்தின் கும்மட்டத்தில் ஏறித்தான் பார்த்தேன். அறுகோண ஓடுகள், பச்சைத் தரையில் மஞ்சள் பூவேலை, முகட்டில் நெளியும் பாம்பு வால்கள், காளைத் தலைகள். இந்தக் காளைத் தலைக்கு மூலம் நாட்ஸென்ட்மிக்லோஷ் புதையல். 1799-இல் மண்ணுக்கடியில் கிடைத்த 23 தங்கப் பாத்திரங்கள், இப்போது வியன்னாவில் இருக்கின்றன. ஹங்கேரியர்கள் அதை ஹூணர்களின் அரசன் அட்டிலாவின் புதையல் என்றும் சொல்வதுண்டு.

யாருக்கும் தெரியாத கூரைக்கு ஏன் இவ்வளவு வேலை? 'பறவைகள் பார்க்கும்' என்றாராமே?

சொன்னதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சிலர் பறவைகள் என்பார்கள், சிலர் கடவுள் பார்ப்பார் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். நூறு வருஷமாக வாய்க்கு வாய் மாறிவந்த கதை, சத்தியம் செய்து வாங்க வேண்டாம். ஆனால் அந்தக் கூரையை மேலிருந்து பார்த்தவர்கள் கதையை நம்பிவிடுவார்கள்.

அவரை 'ஹங்கேரியின் கௌடி' என்கிறார்களே?

கௌடி பார்சிலோனாவின் பேர்போன கட்டடக் கலைஞர். சுற்றுலாக்காரர்களுக்கு வசதியான பெயர். லெக்னர் ஏழு வயது மூத்தவர், அருங்காட்சியகத்தை 1896-இலேயே முடித்துவிட்டவர். இருவருக்கும் ஓட்டின்மேல் ஆசை, வளைந்த கோட்டின்மேல் ஆசை, தன் மண்ணுக்கென்று ஒரு பாணி வேண்டும் என்ற வெறி, அதுவரை சரி. கௌடி கட்டடத்தின் எலும்பையே வளைத்தார். லெக்னருக்கு எலும்பு பெரும்பாலும் நேராகவே இருக்கும், இரும்புச் சட்டமும் ஒழுங்கான அறைகளுமாக. தோலில்தான் அவர் விளையாட்டு. வாட்ஸி தெருவில் நாற்காலி, மேசை செய்யும் தோனெட் நிறுவனத்துக்காக லெக்னரும் பார்டோஷும் கட்டிய கடை வீடு (1889 வாக்கில்) நல்ல உதாரணம்: உள்ளே இரும்புத் தூண்கள், வெளியே ஓட்டுப் போர்வை.

அரசாங்கம் அவரைத் தடை செய்ததா?

ஆளைத் தடை செய்யவில்லை, பாணியை. 1902-இல் கல்வி, பண்பாட்டு அமைச்சர் விளாசிச் டியூலா நாடாளுமன்றத்திலேயே எழுந்து, தனக்குச் செசஷன் பாணி பிடிக்காது, அரசு வேலைகளில் அது வேண்டாம் என்கிற ரீதியில் பேசிவிட்டார். செசஷன் என்பது அன்றைய புதுப்பாணிக்கு வியன்னாக்காரர்கள் வைத்த பெயர். வேடிக்கை என்னவென்றால், லெக்னர் எழுந்ததே வியன்னாவின் நிழலிலிருந்து வெளியே வரத்தான். கடைசியில் அவருக்கு ஒட்டிய முத்திரை வியன்னாவுடையது. அதன் பிறகு தலைநகரில் பெரிய அரசு வேலை எதுவும் அவருக்கு அமையவில்லை. அவரோடு பெர்லினில் படித்த மூன்றாவது நண்பர் ஹவுஸ்மன் அலயோஷுக்கோ புடா அரண்மனையை விரிவாக்கும் வேலையே கிடைத்தது. மரியாதையான பாணியில் கட்டியவர் அவர்.

அப்புறம் சும்மா இருந்தாரா?

ஆந்திராஷி சாலையில் ஜப்பான் காபிக்கடை என்று ஒன்று இருந்தது, அங்கே அவருக்கென்று ஒரு மேசை. ஓவியர்களும் இளம் கட்டடக் கலைஞர்களும் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். அவருக்குப் பேராசிரியர் நாற்காலி கிடைக்கவில்லை, அந்த மேசைதான் வகுப்பறை. அந்த இடம் இப்போது புத்தகக் கடை.

வேலையும் நிற்கவில்லை. ஹெர்மினா சாலையில் ஷிபேகி குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டினார். போஷோன் நகரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார், அதன் பக்கத்திலேயே 1909-இல் தொடங்கி 1913-இல் முடித்த தேவாலயம்தான் நீங்கள் கேட்கும் நீலத் தேவாலயம்.

நீலத் தேவாலயம் ஸ்லோவாக்கியாவில் அல்லவா இருக்கிறது?

போஷோன் என்றது பிராட்டிஸ்லாவாவைத்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு 1920-இல் போட்ட திரியானோன் ஒப்பந்தத்தில் பழைய ஹங்கேரி துண்டு துண்டானது, லெக்னர் கட்டியவையும் நாடு நாடாகப் பிரிந்தன. புனித எலிசபெத்துக்கான கோயில் அது. அவர் அந்த ஊர்க் கோட்டையில் பிறந்தவர் என்பது மரபு. ஏழைகளுக்கு ரகசியமாக எடுத்துப்போன ரொட்டி ரோஜாவாக மாறியது அவர் கதை. சுவர் வெளிர்நீலம், கூரை ஓடு நீலம், உள்ளே பெஞ்சுகூட நீலம். கேக் கடைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டியதைத் தெருவில் வைத்ததுபோல இருக்கும். சின்னது, பார்க்க பத்து நிமிடம் போதும், கிளம்ப மனம் வராது என்பது வேறு.

அவர் வழியில் வந்தவர்கள் யார்?

லாய்தா பேலா, கோமோர் மார்செல், யகப் டெஷோ ஆகிய மூன்று பேரைச் சொன்னால் போதும். கடைசி இரண்டு பேரும் கூட்டாளிகள். சபட்காவில் (இன்று செர்பியாவின் சுபோடிசா) யூதத் தொழுகைக்கூடமும் நகராட்சிக் கட்டடமும், மரோஷ்வாஷார்ஹெயில் (இன்று ருமேனியாவின் தர்கு முரேஷ்) பண்பாட்டு மாளிகையும் அவர்கள் கட்டியவை. ஆசானைவிடச் சத்தமான கட்டடங்கள். கோமோர் யூதர், ஹங்கேரியப் பாணிக்காகவே உழைத்த அவரை 1944-இல் ஹங்கேரிய பாசிஸ்டுகள் கொன்றார்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

காலையில் ஹோல்ட் தெரு, அங்கேயே எதிரில் பழைய சந்தைக் கட்டடம் இருக்கிறது, சாப்பாட்டுக்குக் கவலையில்லை. வங்கி இப்போது அரசுக் கருவூலம், உள்ளே நினைத்தபோது விடமாட்டார்கள். அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக 2017-இல் மூடினார்கள், போகும் முன் திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்தெஃபானியா சாலையில் 1899-இல் முடித்த நிலவியல் நிறுவனம் இருக்கிறது: நீலக் கூரை, அதன் உச்சியில் உலக உருண்டையை மனித உருவங்கள் முதுகில் சுமந்துகொண்டு நிற்கின்றன, அது தெருவிலிருந்தே தெரியும். கெச்கெமேத் நகராட்சிக் கட்டடத்துக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். அதன் முன்னால் பிளந்த பாறை ஒன்று கிடக்கும், யாரும் சொல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். நாடக ஆசிரியர் கதோனா யோஷெஃப் 1830-இல் மாரடைப்பு வந்து விழுந்த இடம் அது.

சாயங்காலம் நேரம் மிச்சமிருந்தால் கோபானியாவுக்கு ஒரு எட்டு. வேறொருவர் போட்ட திட்டத்தை லெக்னர் மாற்றி வரைந்து, 1890-களில் கட்டிய புனித லாஸ்லோ தேவாலயம் அங்கே நிற்கிறது. சுற்றுலாக்காரர் யாரும் எட்டிப் பார்க்காத பேட்டை. பேருக்கு அர்த்தமே கல்குவாரி, களிமண்ணும் அங்கே வெட்டியிருக்கிறார்கள். அவர் அப்பாவின் சூளை புகைந்தது அந்தப் பக்கத்தில்தான். கோபுரக் கூரையைப் பாருங்கள், அங்கேயும் ஷொல்னாய் ஓடு.